ஹைதரின் முந்நூறு ரூபாயும் சேதுச் சீமைப் பள்ளியும்

ஊர்தோறும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அவற்றுள் பல மனிதர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நிலம் கொடுத்தவரின் பெயர், பணம் கொடுத்தவரின் பெயர், பதவியில் இருந்தவரின் பெயர் எனப் பலவாறு அவை அமையும். கற்பிப்பதற்காகவே வாழ்ந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் அவற்றுள் மிகச் சிலவே. இராமநாதபுரத்தில் உள்ள சுவார்ட்ஸ் மேல்நிலைப்பள்ளி அந்தச் சிலவற்றுள் ஒன்று.

தமிழ் முஸ்லிம்களுக்கு அப்பள்ளியின் பெயர் புதிதன்று. இராமேசுவரத்துப் படகுக்காரர் ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மைந்தரும், பின்னாளில் பாரத நாட்டின் குடியரசுத் தலைவராக வீற்றிருந்தவருமான டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் பயின்ற பள்ளி அது. தம் வாழ்க்கை வரலாறான ‘அக்னிச் சிறகுக’ளில் அப்பள்ளியையும் அதன் ஆசிரியர்களையும் அவர் அன்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஆயினும் அப்பள்ளியின் வாயிலில் எழுதப்பட்டிருக்கும் பெயருக்கு உரியவர் யார், அவருக்கும் சேதுச் சீமைக்கும் என்ன தொடர்பு, மைசூர்ச் சிங்கம் ஹைதர் அலிக்கும் அவருக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்பன நம்மில் பலர் அறியாத செய்திகள். அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளும் ஆகும்.

தரங்கம்பாடியில் இறங்கிய இளைஞர்

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் சோனன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. ஹாலே நகரில் பயின்றபோது, தமிழகத்திலிருந்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சே என்பவரிடம் தமிழ் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கடலைக் காணும் முன்பே அவர் நம் மொழியைக் கண்டுவிட்டார் எனலாம்.

1750-ல் அவர் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அப்போது அது டேனிஷ்காரர்களின் துறைமுகம். 1706-லேயே அங்கு வந்த சீகன்பால்க் ஐயர் தொடங்கிய பள்ளிகளும் அச்சுக்கூடமும் அங்கே இருந்தன. வந்த சில மாதங்களிலேயே தமிழில் சொற்பொழிவாற்றும் திறன் பெற்ற சுவார்ட்ஸ், பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வூரைச் சுற்றியே பணியாற்றினார். ‘ஐயர்’ என்று கிறித்தவக் குருமாரைத் தமிழ் மக்கள் அழைக்கும் வழக்கப்படி, அவரையும் சுவார்ட்ஸ் ஐயர் என்றே அழைத்தனர்.

1762-ல் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றது அவருடைய வாழ்வில் ஒரு திருப்பம். திருச்சி அந்நாளில் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் ஆட்சிக்குட்பட்ட நகரம். ஆங்கிலேயரின் பெரிய படைத்தளமும்கூட. நவாபின் அரண்மனைச் சூழலில் பாரசீகம் வழங்கியது. தெருவிலும் பாளையத்திலும் இந்துஸ்தானி ஒலித்தது. முஸ்லிம் மக்களுடனும் அதிகாரிகளுடனும் நேருக்கு நேர் உரையாட வேண்டும் என்பதற்காக, சுவார்ட்ஸ் அவ்விரு மொழிகளையும் கற்றார். துபாஷியின் நாவை நம்பியிருக்க அவர் விரும்பவில்லை. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் வரும் வரலாற்றுக்கு இதுவே திறவுகோல்.

திருச்சியில் அவர் வாழ்ந்த வாழ்க்கையை நேரில் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். மாதம் பத்து வராகன் வருவாய்; பழைய கட்டடம் ஒன்றில் கட்டில் போடும் அளவுக்கே இடமுள்ள சிற்றறை; நம் நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியும்; உடுக்கக் கறுப்புச் சாயமிட்ட பருத்தி உடை. அவ்வூரில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அவர் பள்ளி ஒன்றை அமைத்தார். 1764-ல் கான்சாகிபு என்று மக்கள் அழைத்த முகம்மது யூசுப்கானை எதிர்த்து மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்ட நாட்களில், காயம்பட்டுக் கிடந்தோர்க்குப் பணிவிடை செய்யப் பாளையத்துக்குச் சென்றார். 1778-ல் தஞ்சாவூரைத் தம் நிலையான இருப்பிடமாக்கிக்கொண்டார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சென்ற தூது

1779-ஆம் ஆண்டு சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் சர் தாமஸ் ரம்போல்டு. அவருக்கு ஹைதர் அலியின் மனநிலையை அறியவேண்டிய தேவை ஏற்பட்டது. ஹைதருக்கும் கும்பெனிக்கும் இடையே கசப்பு முற்றியிருந்த காலம் அது. 1769-ல் ஹைதர் சென்னையின் வாயில் வரை படையோடு வந்து நின்று, ஆங்கிலேயரைப் பணியவைத்து உடன்படிக்கை செய்துகொண்டார். ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால் மற்றவர் உதவுவது என்பது அதன் நிபந்தனை. ஆனால் மராட்டியர் மைசூர்மீது பாய்ந்தபோது கும்பெனி கைகட்டி நின்றது. அது போதாதென்று, ஹைதருக்குப் போர்க்கருவிகள் வந்து இறங்கும் துறையாக விளங்கிய மாஹியை 1779 மார்ச்சில் ஆங்கிலேயர் கைப்பற்றினர். கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டவர்கள் என்ற முடிவுக்கு ஹைதர் வந்ததில் வியப்பில்லை.

இத்தகைய நேரத்தில் ஹைதரிடம் யாரை அனுப்புவது? கும்பெனி அதிகாரிகளின் சொல்லை ஹைதர் நம்பமாட்டார். பொய் சொல்லாதவர், கையூட்டுப் பெறாதவர், இந்துஸ்தானியில் நேரடியாகப் பேசக்கூடியவர் என்று தேடியபோது அவர்களுக்குக் கிடைத்த பெயர் சுவார்ட்ஸ். அமைதிக்கான பணி என்பதால் அவர் ஒப்புக்கொண்டார். பணத்துக்காகவோ பட்டத்துக்காகவோ போகமாட்டேன் என்ற உறுதியோடு ஒப்புக்கொண்டார்.

ஹைதரின் எல்லையிலிருந்த கரூரில் அனுமதிக்காகக் காத்திருந்து, பின்னர் மலைப்பாதை ஏறி, ஆகஸ்டு மாதத்தில் அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். அங்கே கண்டவற்றை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். ஹைதரைக் கொடுங்கோலர் என்றே சித்திரிக்க முற்பட்ட ஆங்கில நூல்கள் பல உண்டு. அந்நூல்களுக்கு இடையே சுவார்ட்ஸின் குறிப்பு தனித்து நிற்கிறது. தவறிழைத்த அதிகாரிகளுக்கு விழும் சவுக்கடியையும், அச்சத்தால் நடைபெறும் நிருவாகத்தையும் அவர் மறைக்கவில்லை. அதே நேரத்தில், ஹைதர் ஒரே சமயத்தில் பல காரியங்களைக் கவனித்துப் பதிலுரைக்கும் விரைவையும், எழுதப் படிக்கக் கல்லாத அவர் தம் நினைவாற்றலால் பேரரசு ஒன்றை நடத்திய திறனையும் வியந்து எழுதினார். எவர் எந்த மதத்தைப் பின்பற்றினாலும் அதை அவரவர் விருப்பத்துக்கே ஹைதர் விட்டிருந்தார் என்றும் குறித்தார். ஹைதரின் படையில் பணியாற்றிய ஐரோப்பியர்க்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வழிபாடு நடத்தினார், யாரும் தடுக்கவில்லை.

இன்னொரு காட்சியும் அவருடைய குறிப்பில் உண்டு. ஒரு நாள் சிறுவர் கூட்டம் ஒன்று கருவிகளோடு அணிவகுத்துச் செல்வதைக் கண்டு, யார் இவர்கள் என்று வினவினார். அனைவரும் தாய் தந்தை அற்ற பிள்ளைகள், ஹைதர் அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து வளர்த்துத் தம் படைக்கு ஆயத்தம் செய்கிறார் என்று விடை கிடைத்தது. தம் நாட்டில் எந்த அநாதைப் பிள்ளையையும் ஹைதர் கைவிடுவதில்லை என்று சுவார்ட்ஸ் எழுதினார். திருச்சியில் அநாதைகளுக்குப் பள்ளி வைத்தவரின் கண்ணில் இக்காட்சி பட்டதும், அவர் அதை எழுதி வைத்ததும் தற்செயல் அல்ல.

ஹைதர் அவரை மரியாதையோடு வரவேற்று, அருகில் அமரவைத்துப் பேசினார். கும்பெனிமீது தமக்குள்ள குறைகளை ஒளிவின்றிக் கூறினார். தூது அரசியல் அளவில் பயன் தரவில்லை. மறு ஆண்டே, 1780-ல், இரண்டாம் மைசூர்ப் போர் மூண்டது. தூது சென்றவரின் நேர்மை, அவரை அனுப்பியவர்களின் நேர்மையாக மாறிவிடுமா என்ன? ஆனால் அந்தப் பயணத்தில் இரண்டு பலன்கள் விளைந்தன.

முதலாவது: போர் தொடங்கியபின் ஹைதர், தம் படையினர் பாதிரியாரைத் தடுக்கக்கூடாது, அவர் எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம், அவருக்கு மரியாதை காட்ட வேண்டும் என்று கட்டளை பிறப்பித்தார். எதிரியின் நாட்டிலிருந்து வந்த ஒரு மனிதருக்கு, போர்க்களத்தின் நடுவே ஹைதர் அளித்த பாதுகாப்பு அது. ஹைதரின் மனவிரிவுக்கும் அது சான்று.

இரண்டாவது: விடைகொடுக்கும்போது ஹைதர் அவருக்கு வழிச்செலவுக்காக முந்நூறு ரூபாய் அளித்தார். சுவார்ட்ஸ் அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசிடம் ஒப்படைக்க முயன்றார். அரசு ஏற்க மறுத்து, நீரே வைத்துக்கொள்ளும் என்றது. அப்போது அவர் அத்தொகையைத் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளி ஒன்றின் மூலதனமாக வைத்தார். தமிழகத்தின் ஆங்கிலக் கல்வி வரலாற்றை எழுதுவோர் கும்பெனியின் மானியங்களை எண்ணிக் காட்டுவார்கள். அவற்றுக்கு முன்னே, தாம் எழுத்தறியாத ஒரு முஸ்லிம் மன்னர் தந்த முந்நூறு ரூபாய் தஞ்சைப் பள்ளியின் அடித்தளத்தில் கிடக்கிறது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒரு மனிதரின் வாக்கு

போர் தஞ்சையைச் சூறையாடியது. வயல்கள் பாழாயின, பஞ்சம் வந்தது. 1781-ஆம் ஆண்டையொட்டித் தஞ்சைத் தெருக்களில் பசியால் மாண்டவர்கள் பலர். சுவார்ட்ஸ் முன்னறிவோடு வாங்கிச் சேர்த்து வைத்திருந்த தானியத்தைக் கொண்டு நாள்தோறும் பல நூறு பேருக்குக் கஞ்சி வார்த்தார்.

கோட்டைக்குள் இருந்த படையினருக்கும் உணவு இல்லை. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர எருதுகள் இல்லை. எருது வைத்திருந்த குடியானவர்கள் கோட்டைப் பக்கமே வரவில்லை. மன்னரின் ஆட்கள் கொடுத்த வாக்கை அவர்கள் நம்பவில்லை. ஆங்கிலேயர் கொடுத்த வாக்கையும் நம்பவில்லை. நெல்லைக் கொடுத்துப் பணம் பெறாது போனவர்கள் அவர்கள். மன்னர் துளஜாஜி இறுதியில், நம் அனைவரின் வாக்கும் மதிப்பிழந்துவிட்டது, சுவார்ட்ஸின் சொல்லையாவது மக்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்று சொல்லி, பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். பணம் தருவேன் என்று சுவார்ட்ஸ் சொல்லியனுப்பினார். இரண்டொரு நாட்களில் ஆயிரம் எருதுகள் வந்து சேர்ந்தன. எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. உரியவர்களுக்கு உரிய பணத்தை அவர் எண்ணிக் கொடுத்தார்.

பின்னர் ஒரு சமயம், வரிக்கொடுமை தாளாமல் தஞ்சை விவசாயிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். இனி நீதி கிடைக்கும் என்று சுவார்ட்ஸ் பொறுப்பேற்றுச் சொன்னபின்னர், ஒரே நாளில் ஏழாயிரம் பேர் தம் நிலங்களுக்குத் திரும்பினர். ஆணைக்கு அஞ்சாது ஓடியவர்கள், ஒருவரின் சொல்லுக்காகத் திரும்பி வந்தார்கள்.

இந்நிகழ்ச்சிகளை இங்கே விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் நம்பிக்கையின் செயல்தான். நெல்லைக் கொடுத்தவன் பணத்தை எதிர்பார்ப்பதுபோல, பிள்ளையைக் கொடுத்தவன் அப்பிள்ளையைத் தன் பிள்ளையாகவே திரும்பப் பெற எதிர்பார்க்கிறான். சுவார்ட்ஸின் பள்ளிகள் தொடங்கிய காலத்தில், அவருடைய வாக்கின் மதிப்பை நாடு ஏற்கெனவே எடைபோட்டுப் பார்த்திருந்தது.

1785: சேது நாட்டில் பள்ளி

தஞ்சையில் கும்பெனியின் பிரதிநிதியாக இருந்தவர் ஜான் சல்லிவன். மக்களுக்கும் ஆட்சியாளருக்கும் இடையே நின்று இரு பக்கமும் ஏமாற்றும் துபாஷிகளின் கொடுமையை அவர் கண்டார். நாட்டு மக்கள் ஆங்கிலம் கற்றுவிட்டால், தம் வழக்கைத் தாமே சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அதற்காகச் சீமைதோறும் ஆங்கிலப் பள்ளிகளை அமைக்கும் திட்டத்தை வகுத்து, அதைச் செயற்படுத்தும் பொறுப்பைச் சுவார்ட்ஸிடம் தந்தார். துபாஷியின்றிப் பேசுவதற்கென்றே பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர் சுவார்ட்ஸ். இத்திட்டம் அவருக்கு எவ்வளவு உவப்பாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1785-ல் இராமநாதபுரத்தில் பள்ளி தொடங்கியது. தஞ்சையிலும் சிவகங்கையிலும் இத்திட்டத்தின் கீழ்ப் பள்ளிகள் அமைந்தன. ஆர்க்காட்டு நவாபும், தஞ்சை மன்னரும், இரு சீமைகளின் ஆட்சியாளர்களும் இதற்கு இசைந்தனர். அந்நாளில் சேது நாட்டை ஆண்டவர் முத்துராமலிங்க சேதுபதி. 1772-ல் நவாபின் படையும் கும்பெனிப் படையும் இராமநாதபுரத்தைக் கைப்பற்றியபோது, சிறுவராயிருந்த அவர் திருச்சியில் சிறைவைக்கப்பட்டு, 1781-ல்தான் விடுதலை பெற்றிருந்தார். சிவகங்கையோ, ஹைதர் அலியின் துணையோடு வேலு நாச்சியார் 1780-ல் மீட்டெடுத்த நாடு. போரும் சிறையும் கண்ட இரு மண்ணிலும், புண் ஆறுமுன்பே பள்ளிக்கூடம் எழுந்தது.

லண்டனிலிருந்த கும்பெனி இயக்குநர்கள் 1787-ல் இத்தகைய பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் வழங்க ஒப்புதல் அளித்தார்கள். இதன் சிறப்பை உணரக் கால வரிசையைக் கொஞ்சம் நினைக்க வேண்டும். இந்தியரின் கல்விக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விதித்தது 1813-ல். ஆங்கிலக் கல்வி பற்றிய மெக்காலேயின் குறிப்பு எழுதப்பட்டது 1835-ல். இவற்றுக்கெல்லாம் முன்பே இராமநாதபுரத்துப் பிள்ளைகள் ஆங்கில எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

அப்பள்ளிகளில் பயின்றவர்கள் பெரும்பாலும் பிராமணர், வணிகர் வீட்டுப் பிள்ளைகள். மதம் மாற்றும் சூழ்ச்சி இருக்குமோ என்ற ஐயம் பெற்றோர்க்கு எழுவது இயல்பு. சுவார்ட்ஸ் ஒரு கிறித்தவப் பரப்பாளர். தம் சமயம் பரவ வேண்டும் என்ற விருப்பத்தை அவர் ஒருபோதும் மறைத்தவரல்லர். ஆனால் மாணவர்களை இழுக்க வஞ்சகமான வழி எதையும் பள்ளியில் கையாள்வதில்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். விருப்பம் வேறு, வஞ்சகம் வேறு என்ற அந்த வரம்பை அவர் காத்தார். பெற்றோர் அதை நம்பினர்.

அவர் வளர்த்த மாணவர்களுள் புகழ்பெற்ற ஒருவர் இந்த வரம்புக்கு வாழும் சான்றாக இருந்தார். துளஜாஜி 1787-ல் இறக்கும் தறுவாயில், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் விட்டார். அடுத்து அரியணை ஏறிய அமர்சிங், அச்சிறுவனை வெளிச்சமற்ற இடத்தில் அடைத்து, கல்வியின்றி வளரவிட்டார். சுவார்ட்ஸ் ஓயாது முறையிட்டு, 1793-ல் சரபோஜியைச் சென்னைக்குக் கொண்டுசெல்லச் செய்தார். இரண்டாம் சரபோஜியாக 1798-ல் முடிசூடிய அம்மன்னர் கடைசிவரை தம் முன்னோரின் சமயத்திலேயே வாழ்ந்தார். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தார், பள்ளிகளை நிறுவினார், மருத்துவத்துக்காகத் தன்வந்தரி மகாலை அமைத்தார். ஆசிரியரிடம் அறிவை வாங்கிக்கொண்டார், சமயத்தை வாங்கவில்லை. ஆனாலும் ஆசிரியரின் மீது அவர் கொண்ட அன்பு குறையவில்லை. 1798 பிப்ரவரி 13-ல் சுவார்ட்ஸ் மறைந்தபோது தந்தையை இழந்தவர்போல் அழுதார். தஞ்சையில் அவர் கல்லறைக்கு ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் பொறித்தார். ஜான் பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சிற்பம் வடித்து நிறுத்தினார். மரணப் படுக்கையில் கிடக்கும் ஆசிரியரின் கையை மன்னர் பற்றி நிற்கும் அச்சிற்பத்தைத் தஞ்சைச் சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் காணலாம். கும்பெனியும் தன் பங்குக்குச் சென்னைக் கோட்டைக்குள் உள்ள தூய மரியன்னை ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் அமைத்தது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தஞ்சைக் கிறித்தவச் சபையில் வேளாளரும் ஒடுக்கப்பட்டோரும் தனித்தனியே அமரும் வழக்கத்தைச் சுவார்ட்ஸ் ஒழிக்கவில்லை. காலப்போக்கில் அது தானே மறையும் என்று விட்டுவிட்டார். அது மறையவில்லை. 1833-ல் பேராயர் வில்சன் அவ்வழக்கைத் தடைசெய்தபோது பெருங்குழப்பம் மூண்டது. சுவார்ட்ஸிடம் வளர்ந்த கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே அத்தடையை எதிர்த்தார். மன்னருக்கும் குடியானவனுக்கும் இடையே நியாயம் கேட்ட அந்த நெஞ்சம், இருக்கைக்கும் இருக்கைக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைக்கவில்லை என்பது வரலாறு பதிந்துள்ள உண்மை.

வாயிலில் தயங்கிய சமுதாயம்

இராமநாதபுரத்தில் ஆங்கிலப் பள்ளி எழுந்த காலத்தில் நம் முன்னோர் எங்கே இருந்தனர்? மிக அருகில்தான் இருந்தனர். வள்ளல் சீதக்காதி வாழ்ந்த கீழக்கரை, இராமநாதபுரத்துக்குத் தெற்கே சில மைல் தொலைவில் இருக்கிறது. முத்தும் சங்கும் அரிசியும் ஏற்றிய மரைக்காயர்களின் மரக்கலங்கள் இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் சென்று வந்தன. சேதுபதி மன்னர்களின் அரசவையில் அவர்களுக்கு மதிப்பு இருந்தது. கல்வியற்ற சமுதாயமா அது? இல்லை. குர்ஆன் ஓதும் பள்ளிகளும் அரபுக் கல்லூரிகளும் இருந்தன. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் செழித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரையில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பேரறிஞர்கள் வாழ்ந்தனர்.

ஆயினும் ஆங்கிலப் பள்ளியின் வாயிலில் சமுதாயம் தயங்கி நின்றது. அத்தயக்கத்தை அறியாமை என்று மட்டும் ஒதுக்குவது நியாயமாகாது. தங்கள் வணிகத்தை ஒடுக்கியவர்களின் மொழி அது. மாற்றுச் சமயத்தாரின் கையில் இருந்த பள்ளி அது. பிள்ளை போய் வேறொருவனாகத் திரும்புவானோ என்ற அச்சம் பெற்றோரின் நெஞ்சில் இருந்தது. ஆனால் அத்தயக்கத்துக்குக் கொடுத்த விலை பெரிது. நீதிமன்றமும் நிருவாகமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது, கடலாண்ட சமுதாயம் தன் வழக்கைச் சொல்லப் பிறரின் நாவை நாடவேண்டியதாயிற்று. எந்தத் துபாஷித் தொல்லையை நீக்க அப்பள்ளி பிறந்ததோ, அதே தொல்லைக்குள் நாமே போய் விழுந்தோம். 1882-ல் ஹன்டர் தலைமையில் அமைந்த கல்விக் குழு, முஸ்லிம்களின் கல்விக்குத் தனி உதவி வேண்டும் என்று பரிந்துரைக்கும் நிலை நாடெங்கும் இருந்தது.

படகுக்காரரின் மகன்

காலம் நகர்ந்தது. 1820-களில் தென்னாட்டுப் பணிகள் எஸ்.பி.ஜி. என்ற சங்கத்தின் கைக்கு மாறின. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. சேதுச் சீமையில் சுவார்ட்ஸின் பெயர் பள்ளியின் பெயராக நிலைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், பதினைந்து வயதை எட்டும் ஒரு முஸ்லிம் சிறுவன் இராமேசுவரம் தீவைவிட்டு அப்பள்ளிக்கு வந்தான்.

அச்சிறுவன் ஏற்கெனவே பள்ளி வாழ்வின் கசப்பை ஒருமுறை சுவைத்தவன். இராமேசுவரம் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பில், கோயில் குருக்களின் மகனான இராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் அவன் அமர்ந்திருந்தான். புதிதாக வந்த ஆசிரியர், தொப்பி அணிந்த முஸ்லிம் பிள்ளை குருக்களின் மகனோடு அமர்வதைப் பொறாமல், அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினார். செய்தியறிந்த இலட்சுமண சாஸ்திரிகள் அவ்வாசிரியரை அழைத்துக் கண்டித்து, தவற்றை உணரச் செய்தார். இந்நிகழ்ச்சியைக் கலாம் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

மேற்படிப்புக்காகப் பிறந்த ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று மகன் கேட்டபோது, தந்தை ஜைனுலாப்தீன் தடுக்கவில்லை. கூடின்றித் தனியே சூரியனைக் கடந்து பறக்கும் கடற்பறவையை எடுத்துக்காட்டி விடைகொடுத்தார். மைத்துனர் ஜலாலுத்தீனும் உறவினர் சம்சுத்தீனும் உடன்வந்து சுவார்ட்ஸ் பள்ளியில் சேர்த்து, தங்குவதற்கும் ஏற்பாடு செய்தார்கள். ஐவேளைத் தொழுகை தவறாத அக்குடும்பம், கிறித்தவப் பெயர் தாங்கிய பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப அஞ்சவில்லை. முன்னோர் தயங்கி நின்ற வாயிலை அச்சிறுவன் கடந்தான்.

உள்ளே அவனுக்குக் கிடைத்தவர் அய்யாத்துரை சாலமோன் என்னும் ஆசிரியர். வாழ்வில் வெற்றிபெற விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்று ஆற்றல்களையும் அறிந்து ஆளவேண்டும் என்று அவர் கற்பித்தார். கல்வி வாய்ப்புப் பெறாத பெற்றோரின் பிள்ளையும் எண்ணியதை எட்டலாம் என்ற துணிவை ஊட்டினார். அதே பள்ளியில் கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயர், ஒரு நாள் வகுப்புத் தவறி நுழைந்ததற்காக அச்சிறுவனைப் பிரம்பால் அடித்தார். சில மாதங்களுக்குப் பின் அவன் கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றபோது, தாம் அடிக்கும் பிள்ளை பெரியவனாவான் என்று பள்ளி முழுவதன் முன்னும் பெருமையோடு சொன்னார். ஜெர்மானியர் பெயரில் அமைந்த பள்ளி, கிறித்தவரான ஓர் ஆசிரியர், பிராமணரான இன்னோர் ஆசிரியர், முஸ்லிம் மாணவன். யாரும் யாரையும் மாற்ற முயலவில்லை. அனைவரும் சேர்ந்து ஒரு மனிதரை உருவாக்கினர்.

1950-ல் திருச்சி புனித வளனார் கல்லூரிக்கும், பின்னர் சென்னை குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் சென்ற அம்மாணவர் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்ததையும், 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மாணவர்களுக்கு உரையாற்றிக்கொண்டிருந்தபோதே இவ்வுலகை நீத்ததையும் நாடறியும். பேய்க்கரும்பில் அவர் துயில்கிறார். இறுதி மூச்சுவரை தொழுகையாளராக வாழ்ந்தார். சுவார்ட்ஸ் பள்ளி அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.

நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறுவது என்ன? இன்று தமிழகத்தில் முஸ்லிம்கள் நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் பல இருக்கின்றன. கொடுப்போர் இருக்கிறார்கள், கட்டடங்கள் எழுகின்றன, தேர்ச்சி விழுக்காட்டைப் பெருமையோடு சொல்கிறோம். இவை யாவும் வேண்டியவையே. இவற்றோடு வேறொரு கணக்கையும் நாம் பார்க்க வேண்டும். நம் பள்ளிகளின் வாயிலில் இந்துப் பெற்றோரோ கிறித்தவப் பெற்றோரோ பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது, ஜைனுலாப்தீன் மரைக்காயருக்கு இராமநாதபுரத்தில் இருந்த நிம்மதி அவர்களுக்கு இருக்கிறதா? ஏழைப் பிள்ளையும் செல்வர் பிள்ளையும், எந்தக் குலத்துப் பிள்ளையும், ஒரே வரிசையில் அமர்கிறார்களா? சுவார்ட்ஸ் ஐயர் செய்யாது விட்ட பணி அது. அதையாவது நாம் முழுமையாகச் செய்கிறோமா?

ஹைதர் அலி முந்நூறு ரூபாயைக் கொடுத்தபோது, அது எங்கே போய்ச் சேரும் என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டவர் அதைத் தம் பெட்டிக்குள் வைக்கவில்லை. நம்பிக் கொடுத்த ஒரு கையும், நம்பிக்கையைக் காத்த ஒரு கையும் சேர்ந்ததால் தஞ்சையில் ஒரு பள்ளி பிறந்தது. அதே நம்பிக்கையின் பேரில் இராமநாதபுரத்தில் இன்னொன்று பிறந்தது. நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின், அங்கே நம் பிள்ளை ஒருவருக்கு இடம் இருந்தது. நம் பள்ளிகளிலும் அத்தகைய இடம் பிறருடைய பிள்ளைகளுக்கு இருக்குமாறு பார்த்துக்கொள்வது, அவற்றை நடத்துவோரின் கடமை. அவற்றுக்குக் கொடுப்போரின் கடமையும் அதுவே.